டியூப் லைட்டுல உக்காந்திருக்கிறது எல்லாம் ஈசல் இல்ல: வீட்டுக்கு வர்ற மேஃப்ளைய அடையாளம் பாக்கிறது எப்படி

மழை விட்ட சாயங்காலம் சென்னையில பாதி வீட்டுல கேக்கிற குரல் ஒண்ணு இருக்கு, "ஈசல் வருது பாரு, லைட்ட அணை". எங்க வீட்டுல அம்மா லைட்டுக்கு நேர் கீழ ஒரு அகலமான பாத்திரத்துல தண்ணி வெச்சுடுவாங்க, எல்லாம் அதுல விழுந்துடும், காலையில கொண்டு போய் கொட்டிடுவாங்க. நானும் லைட்டுக்கு வர்ற எல்லாத்தையும் ஈசல்னே சொல்லி வளந்தவன்தான். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் குடி வந்த அப்புறம், மழையே இல்லாத மாசி மாசத்துல பால்கனி சுவத்துல ஒரு சின்ன பூச்சி அசையாம உக்காந்திருந்துச்சு, பின்னாடி மயிரு மாதிரி ரெண்டு நீள வால், இறக்கைய மேல தூக்கி நிறுத்தி வெச்சிருக்கு, இது ஈசல் இல்லையேன்னு அன்னிக்குதான் முதல் தடவையா உத்துப் பாத்தேன்.

அதுதான் மேஃப்ளை. பேருல மே இருக்கேன்னு மே மாசம் கத்திரி வெயில்லதான் வரும்னு நெனச்சுக்காதீங்க, அந்தப் பேரு குளிர் நாட்டுல வெச்சது, அங்க வசந்த காலத்துல மொத்தமா கெளம்பும், நம்ம ஊர் மாதிரி சூடான இடத்துல வருஷத்துல எப்ப வேணா வரும். தண்ணியில வளந்து, கடைசியா கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இறக்கை முளைச்சு வெளிய வர்ற பூச்சி. உலகத்துல 3000க்கு மேல வகை இருக்கு, இதோட பரம்பரை சுமார் 30 கோடி வருஷம் பழசு, டைனோசர் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே இதோட முன்னோருங்க பறந்துக்கிட்டு இருந்தாங்க. கடிக்காது, கொட்டாது, சாப்பாட்டுல துணியில கை வெக்காது. ஏன்னு பின்னாடி சொல்றேன், ஏன்னா அதுதான் இந்தப் பூச்சிகிட்ட என்னை ரொம்ப யோசிக்க வெச்ச விஷயம்.

புதுசா பாக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல் வேலை, கொசு பேட்டையும் ஸ்பிரேயையும் எடுத்து உள்ள வெச்சுடுங்க. வேற பெருசா எதுவும் தேவையில்ல, மொபைல், ஒரு சின்ன டார்ச், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். சாயங்காலம் ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் பால்கனி லைட்டச் சுத்தி சுவரு, ஜன்னல் கிரில், கொசு வலை, வராண்டா ட்யூப் லைட் பட்டி இதெல்லாம் ஒரு ரவுண்டு பாருங்க, அப்புறம் காலையில ஆறு மணிக்கு இன்னொரு ரவுண்டு, ராத்திரி பாக்காம விட்டது காலையில அதே இடத்துல உக்காந்திருக்கும். போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் போட்டா இறக்கை வெள்ளையா அடிச்சுடும், டார்ச்ச பக்கவாட்டுல இருந்து சாய்ச்சு அடிச்சு எடுங்க, பக்கத்துல இருந்து ஒண்ணு, முதுகுப் பக்கம் மேல இருந்து ஒண்ணு, ரெண்டு போட்டோ கண்டிப்பா வேணும். கிட்ட பாக்கணும்னா டம்ளர மெதுவா கவுத்து, சுவத்துக்கும் டம்ளருக்கும் நடுவுல அட்டைய சொருகிடுங்க. இறக்கைய விரலால பிடிச்சு தூக்காதீங்க, டிஷ்யூ பேப்பர விட மெல்லிசு அது.

உக்காந்திருக்கிற விதம்

தூரத்துல இருந்தே பாதி கண்டுபிடிச்சுடலாம். மேஃப்ளை உக்காரும்போது இறக்கைய ரெண்டு கைய கூப்பின மாதிரி சேத்து முதுகுக்கு மேல நேரா நிமித்தி வெச்சிருக்கும். ஈ, கரப்பான், ஈசல் எல்லாம் இறக்கைய மடிச்சு முதுகு மேல படுக்க வெச்சுக்கும், இதால அது முடியாது, இறக்கை சேர்ற இடத்துல அந்த மடக்குற அமைப்பே கெடையாது. இன்னிக்கு உயிரோட இருக்கிற பூச்சிங்கள்ல தட்டான் கூட்டமும் மேஃப்ளை கூட்டமும் மட்டும்தான் இந்தப் பழைய மாதிரி இறக்கையோட இருக்கு. பக்கத்துல இருந்து பாத்தா முன் இறக்கை முக்கோணமா, பாய்மரம் மாதிரி தெரியும், அதுக்குள்ள நரம்பு வலை மாதிரி ஓடும். பின் இறக்கை ரொம்ப சின்னது, நம்ம வீட்டு லைட்டுக்கு வர்ற பல வகைக்கு பின் இறக்கையே கெடையாது, அதனால நாலு இறக்கை இல்லையேன்னு குழம்ப வேணாம்.

அடுத்து வால எண்ணுங்க. வயித்தோட நுனியில இருந்து ரெண்டோ மூணோ நீளமான நூல் வரும், பல நேரம் உடம்ப விட நீளமா இருக்கும். ரெண்டு வால், உடம்பு ஒரு அரிசி நீளம், பின் இறக்கை இல்ல, இருந்தாலும் பொட்டு மாதிரி இருக்குன்னா அது பெரும்பாலும் பீட்டிடேங்கிற குடும்பம், குளம் குட்டை தாமரைத் தொட்டி வரைக்கும் வாழக்கூடிய குளோயான் இதுலதான் வரும். மூணு வால், உடம்பு சீரகம் அளவு இல்ல அதவிட சின்னது, வெளுத்த நிறம், பின் இறக்கை இல்லன்னா கேயினிஸ் வகையா இருக்கலாம். ஒரு எச்சரிக்கை, வால் ரொம்ப சுலபமா ஒடிஞ்சுடும், சிலந்தி வலையில மாட்டி வந்தது, ஃபேன் காத்துல அடிபட்டதுக்கெல்லாம் ஒரு வால்தான் மிச்சம் இருக்கும், அதனால ஒரே ஒரு பூச்சிய வெச்சு முடிவு பண்ணாம அன்னிக்கு வந்திருக்கிற நாலஞ்சயும் பாருங்க.

மீசையும் பாருங்க. மேஃப்ளைக்கு மீசை இருக்கான்னே சந்தேகம் வர்ற அளவுக்கு குட்டையா, ரெண்டு முள்ளு மாதிரி இருக்கும். நீளமான மீசை ஆடிக்கிட்டு இருந்தா அது வேற ஏதோ பூச்சி.

எதெல்லாம் குழப்பும்

ஈசல்தான் முதல் குழப்பம். ஈசல் கறையான் புத்துல இருந்து மழைக்கு அப்புறம் மொத்தமா கெளம்புறது, நாலு இறக்கையும் ஒரே அளவு, உடம்ப விட நீளம், மீசை மணி கோத்த மாதிரி இருக்கும், வால் கெடையாது. எல்லாத்த விட சுலபமான அடையாளம் காலையில தரையில இருக்கும், வாசல் பூரா உதிர்ந்த இறக்கை மட்டும் காத்துல பறந்துக்கிட்டு கெடந்தா அது ஈசல். மேஃப்ளை சாகும்போது கூட இறக்கையோடதான் கெடக்கும். இங்க ஒரு விஷயம் சொல்லணும், நாம "ஈசல் மாதிரி ஒரு நாள் வாழ்க்கை"ன்னு சொல்றோம் இல்லையா, ஈசலுக்கு அது முழுசா பொருந்தாது, பல்லிக்கும் காக்காவுக்கும் தப்பிச்ச ஒரு ஜோடி இறக்கைய உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள போய் புது புத்துக்கு ராஜா ராணியா பல வருஷம் வாழும். அந்தப் பழமொழிக்கு உண்மையான சொந்தக்காரன் மேஃப்ளைதான்னு எனக்குத் தோணும், பாவம் அதுக்கு நம்ம பேச்சுல தனியா ஒரு பேரு கூட புழக்கத்துல இல்ல.

ரெண்டாவது குழப்பம், ஏரிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நல்லா தெரியும், வேளச்சேரி பெருங்குடி மாதிரி இடத்துல சாயங்காலம் பைக்ல போனா கண்ணுல வாயில விழுற கூட்டம். கொசு மாதிரியே இருக்கும் ஆனா கடிக்காது, கைரோனோமிட்னு சொல்ற குடும்பம். இதுவும் தண்ணியில இருந்து வர்றதுதான், இதுவும் முன்னங்கால தூக்கி வெச்சுக்கிட்டு உக்காரும், அதனால புதுசா பாக்கிறவங்க ரொம்ப ஏமாறுவாங்க. வால் இல்ல, இறக்கை மேல நிமிர்ந்து நிக்காது, ஆணுக்கு மீசை இறகு மாதிரி புசுபுசுன்னு இருக்கும், இந்த மூணும் போதும். இதோட புழு சிவப்பா இருக்கும், கொளத்தூர் மீன் கடைங்கள்ல மீன் தீவனமா விக்கிற ரத்தப்புழு இந்தக் குடும்பம்தான். ஆக்சிஜன் கொறஞ்ச அழுக்குத் தண்ணியில கூட அதால தாக்குப் பிடிக்க முடியும், மேஃப்ளையில பெரும்பாலான வகைக்கு அது முடியாது.

மத்ததெல்லாம் சீக்கிரம் பிரிச்சுடலாம். ஊசித்தட்டானும் இறக்கைய சேத்து வெக்கும், ஆனா உடம்பு ஊசி மாதிரி நீளமா விறைப்பா இருக்கும், பின்னாடி நூல் வால் இருக்காது, பகல்ல பறக்கிற ஜீவன். பாத்ரூம் டைல்ஸ்ல இதயம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கிற புசுபுசு குட்டி ஈ, சாக்கடைக் குழாய்ல இருந்து வர்றது, அது வேற. இறக்கைய ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ரெண்டு பக்கமும் சாய்ச்சு, நீள மீசையோட பழுப்பு நிறத்துல அந்துப்பூச்சி மாதிரி ஒண்ணு வந்தா அது கேடிஸ்ஃப்ளையா இருக்கலாம், அதுவும் தண்ணியில வளர்றதுதான், அதையும் விட்டுடாம ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

மங்கல் இறக்கையா, கண்ணாடி இறக்கையா

மேஃப்ளைதான்னு முடிவான அப்புறம் இறக்கைக்கு டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலது மங்கலா, பால் கலந்த சாம்பல் நிறத்துல, இறக்கை ஓரத்துல நுண்ணிசா மயிரு வெச்சு இருக்கும். சிலது கண்ணாடி மாதிரி தெளிவா, சாய்ச்சுப் பாத்தா வானவில் அடிக்கும். ரெண்டும் வேற வேற வகைன்னு நான் ரொம்ப நாள் தனித்தனியா எழுதி வெச்சுக்கிட்டு இருந்தேன். ஒரே பூச்சியோட ரெண்டு பருவம் அது.

போன கார்த்திகை மாசம் ஒரு நாள், ராத்திரி ஒம்பதரை மணி இருக்கும், பாத்ரூம் ஜன்னல் வலையில மங்கல் இறக்கையோட ஒண்ணு உக்காந்திருந்துச்சு, விட்டுட்டு தூங்கப் போயிட்டேன். காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு பாத்தா அதே கம்பியில அதே மாதிரி உக்காந்திருக்கு, சரி செத்துப் போச்சுன்னு நெனச்சு டார்ச் அடிச்சேன், முதுகுல தலைக்குப் பின்னாடி ஒரு கோடு. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே அந்தக் கோடு பிளந்து உள்ள இருந்து பளபளன்னு இன்னொரு முதுகு எழும்புச்சு, அப்புறம் தலை, முன்னங்கால், அப்புறம் இறக்கை, கைய உறையில இருந்து உருவுற மாதிரி அந்த மங்கல் இறக்கைக்குள்ள இருந்து ஒரு புது இறக்கை உருவிக்கிட்டு வந்துச்சு, பழைய இறக்கை சுருங்கி ஒரு நூல் மாதிரி ஆயிடுச்சு. கடைசியா வால். அது ரொம்ப நேரம் எடுத்த மாதிரி இருந்துச்சு எனக்கு, பழைய வாலுக்குள்ள இருந்து புது வால் ஒரு இழையா நீண்டுக்கிட்டே வந்துச்சு, பழசோட ரெண்டு மடங்கு நீளம் இருக்கும். முடிச்சதும் ரெண்டு அடி நகர்ந்து போய் வலையோட வெளிப்பக்கம் உக்காந்துச்சு, அந்த வெத்துத் தோல் மட்டும் ஆறு காலாலயும் கம்பிய பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னுச்சு. அந்தத் தோல ஒரு தீப்பெட்டியில போட்டு இன்னும் வெச்சிருக்கேன்.

எறும்பு, பட்டாம்பூச்சி, கரப்பான், எதுவா இருந்தாலும் பறக்கிற இறக்கை வந்துட்டா அப்புறம் தோல் உரிக்காது. இன்னிக்கு உலகத்துல இருக்கிற பூச்சிங்கள்ல இறக்கையோட பறந்த அப்புறமும் இன்னொரு தடவை, அதுவும் இறக்கையோட தோல் வரைக்கும், உரிக்கிற ஒரே கூட்டம் மேஃப்ளைதான். முதல் மங்கல் பருவத்துக்கு சப்இமேகோன்னு பேரு, ரெண்டாவது தெளிவான பருவத்துக்கு இமேகோ. சப்இமேகோ பருவம் வகையப் பொறுத்து சில நிமிஷத்துல இருந்து ஒண்ணு ரெண்டு நாள் வரைக்கும் போகும், நம்ம சுவத்துக்கு வர்றதுல நான் பாத்த வரைக்கும் ராத்திரி வந்து விடியிறதுக்குள்ள உரிக்கிறதுதான் ஜாஸ்தி. அதனாலதான் காலையில ரவுண்டு போங்கன்னு சொன்னேன், சுவத்துல ஒட்டியிருக்கிற வெள்ளைத் தோல செத்த பூச்சின்னு நெனச்சு தொடைச்சு விட்டுடுவோம்.

தெளிவான இறக்கை வந்தது ஆணா பொண்ணான்னு பாக்கிறதும் சுலபம்தான். கண்ணப் பாருங்க. பொண்ணுக்கு தலையோட ரெண்டு பக்கமும் சின்னதா சாதாரண கண்ணு. பீட்டிடே ஆணுக்கு அதுக்கு மேல இன்னொரு ஜோடி கண்ணு, தலைப்பாகை கட்டின மாதிரி, ஆரஞ்சு இல்ல பழுப்பு நிறத்துல, மேல பாத்து நிக்கும், மொபைல்ல ஜூம் பண்ணாலே தெரியும். அந்தக் கண்ணு எதுக்குன்னா, சாயங்கால வெளிச்சத்துல ஆணுங்க எல்லாம் கூட்டமா மேல ஏறி கீழ இறங்கி ஆடும், அந்தக் கூட்டத்துக்குள்ள பொண்ணு பறந்து வரும்போது வானத்தோட பின்னணியில மேல பாத்துதான் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்சதும் கீழ இருந்து நீளமான முன்னங்காலால பிடிச்சுக்கும். ஆணோட முன்னங்கால் அதனாலதான் அவ்ளோ நீளம், உக்காந்திருக்கும்போது முன்னாடி நீட்டி வெச்சிருக்கும்.

எவ்ளோ நேரம் இருக்கும்

இறக்கை வந்த மேஃப்ளை சாப்பிடாது. வாய் பேருக்கு இருக்கும், வேலை செய்யாது. வயித்துக்குள்ள குடல் காத்தடைச்சு கெடக்கும், சாப்பாடு போற வழி இல்ல. தண்ணிக்குள்ள புழுவா இருந்தப்போ பாசியும் அழுகின இலைத் தூளும் தின்னு சேத்து வெச்சதுதான் கடைசி வரைக்கும். இதத் தெரிஞ்ச அன்னிக்கு, சக்கரைத் தண்ணி தொட்டு வெச்சு காப்பாத்தலாம்னு நான் பண்ணிக்கிட்டு இருந்தத நிறுத்திட்டேன். நீங்களும் பண்ணாதீங்க, குடிக்க அதால முடியாது, இறக்கைதான் பிசுபிசுன்னு ஒட்டிக்கும்.

அதுக்குன்னு எல்லாத்துக்கும் கணக்கா ஒரு நாள்னு நெனச்சுடாதீங்க. இதோட விஞ்ஞானப் பேரு எபெமெராப்டெரா, ஒரு நாள் மட்டும் இருக்கிறதுங்கிற கிரேக்க வார்த்தையும் இறக்கைங்கிற வார்த்தையும் சேந்தது, ஆனா உள்ள போய் பாத்தா வித்தியாசம் நிறைய. கேயினிஸ் சில மணி நேரத்துல முடிச்சுடும், ஒரே சாயங்காலத்துல தோல் உரிச்சு, ஜோடி சேந்து, முட்டை விட்டு, விளக்கடியில விழுந்துடும். அமெரிக்காவுல டொலானியான்னு ஒரு வகை, அதுல பொண்ணுக்கு இறக்கை வாழ்க்கை அஞ்சு நிமிஷம் கூட இல்ல. ஹங்கேரியில டிஸா ஆத்துல வர்ற பெரிய மேஃப்ளை மூணு வருஷம் ஆத்தங்கரை களிமண்ணுக்குள்ள இருந்துட்டு, ஜூன் மாசத்துல வெளிய வந்து சில மணி நேரம் பறந்துட்டு போயிடும், அத அந்த ஊர்க்காரங்க டிஸாவோட பூன்னு சொல்றாங்க. இதுக்கு நேர் எதிரா குளோயான்ல பொண்ணு ரெண்டு வாரம் வரைக்கும் கூட இருக்கும், ஏன்னா அது முட்டைய உடனே விடாது, வயித்துக்குள்ளயே வெச்சு வளத்து, குஞ்சு தயாரான அப்புறம் தண்ணியத் தொடும், தொட்ட கொஞ்ச நேரத்துல முட்டை பொரிஞ்சுடும். ஆண் அதுக்கு முன்னாடியே போயிடும். அதனால உங்க பாத்ரூம் மூலையில ஒரு மேஃப்ளை நாலு நாளா அசையாம இருந்தா அது பொண்ணா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, செத்துடுச்சுன்னு பெருக்கித் தள்ளாதீங்க, மெதுவா ஊதிப் பாருங்க, கால் நகரும்.

இறக்கை வாழ்க்கை மட்டும்தான் சின்னது. அதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள நம்ம ஊர் சூட்டுல சில வாரம், குளிர் நாட்டுல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கூட இருந்திருக்கும், பல தடவை தோல் உரிச்சிருக்கும். நாம லைட்டுல பாக்கிறது அதோட கடைசி அத்தியாயம் மட்டும்தான்.

வீட்டுக்கு ஏன் வருது, என்ன பண்ணணும்

வெளிச்சம்தான் காரணம், அதுலயும் வெள்ளை டியூப் லைட்டும் நீலம் கலந்த எல்இடியும் ரொம்ப இழுக்கும். இன்னொரு காரணமும் இருக்கு, அது எனக்குத் தெரியிறதுக்கு முன்னாடி கார் பானட் மேல ஏன் வந்து வந்து முட்டுதுன்னு புரியாம இருந்தேன். தண்ணி மேல பட்டு வர்ற வெளிச்சம் ஒரு பக்கமா படுத்த மாதிரி வரும், போலரைஸ்டுன்னு சொல்லுவாங்க, மேஃப்ளை அத வெச்சுதான் கீழ தண்ணி இருக்குன்னு கண்டுபிடிக்கும். தார் ரோடு, கருப்பு கிரானைட், கார் பெயிண்ட், சோலார் பேனல், கண்ணாடி எல்லாம் அதே மாதிரி வெளிச்சத்த திருப்பி அனுப்பும். ஹங்கேரி ஆராய்ச்சியாளருங்க 1998ல இத விளக்கினாங்க, காஞ்ச தார் ரோட்டு மேல மேஃப்ளை கூட்டமா முட்டை விடுறது ஏன்னு பாத்தப்போ, ரோடு அதுக்கு தண்ணிய விட நல்ல தண்ணியா தெரியுது. அந்த முட்டை அத்தனையும் வீண். கருப்பு, சிவப்பு கார் வெள்ளை கார விட ஜாஸ்தி ஏமாத்தும்.

அதனால நீங்க பண்ண வேண்டியது ரொம்ப கொஞ்சம். இருட்டின அப்புறம் முதல் ரெண்டு மணி நேரம் பால்கனி லைட்ட அணைச்சு வெச்சா வர்றது நல்லா கொறையும், அணைக்க முடியாதுன்னா மஞ்சள் பல்பு போடுங்க. ஜன்னலுக்கு கொசு வலை எப்படியும் இருக்கும். ஸ்பிரே அடிக்க வேணாம், அடிக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்ல, பெரும்பாலானது ஒண்ணு ரெண்டு நாள்ல தானா போயிடும், அந்த மருந்து மட்டும் உங்க வீட்டு காத்துல இருக்கும், மருந்து பட்ட பூச்சிய தின்ற பல்லிக்கும் போகும். தண்ணிப் பாத்திரம் வெக்கிற பழக்கம் இருந்தா மேஃப்ளை சீசன்ல அத எடுத்துடுங்க, அதுவும் அத குளம்னு நெனச்சு இறங்கும். காலையில செத்துக் கெடக்கிறத காஞ்ச துடைப்பத்தால வேகமா பெருக்காதீங்க, தோலும் இறக்கையும் தூளாகி பறக்கும், வீசிங் இருக்கிறவங்க சிலருக்கு அது ஒத்துக்காது, ஈரத் துணியால தொடைச்சு எடுத்து பூந்தொட்டி மண்ணுல போட்டுடுங்க.

ராத்திரி உள்ள வந்து மாட்டினத வெளிய விட, ரூம் லைட்ட அணைச்சு ஜன்னலத் திறந்து வெளிப்பக்கம் மொபைல் டார்ச்ச ரெண்டு நிமிஷம் காட்டினா போதும், தானா போயிடும்.

தொட்டிக்குள்ள தேடுறது

மொட்டை மாடியில தாமரையோ அல்லியோ வெச்சிருந்தா இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு எடுத்துக்கோங்க, ஐஸ்கிரீம் டப்பா சரியா இருக்கும். தொட்டி ஓரத்துல செடித் தண்டு பக்கமா ஒரு டம்ளர் தண்ணிய மோந்து அதுல ஊத்தி ஒரு நிமிஷம் அசையாம வையுங்க. கொசுப் புழு இருந்தா நெளிஞ்சு நெளிஞ்சு மேல வந்து தண்ணி மட்டத்துல தொங்கும், கால் இருக்காது. மேஃப்ளை குஞ்சுக்கு ஆறு காலு, பின்னாடி மயிரு வெச்ச மூணு வால், வயித்தோட ரெண்டு பக்கமும் இலை மாதிரி சின்னச் சின்ன செவுள் வரிசையா இருக்கும், கூர்ந்து பாத்தா அது அலை அடிக்கிற மாதிரி படபடன்னு துடிச்சுக்கிட்டே இருக்கும். குச்சியால தொட்டா குட்டி மீன் மாதிரி சடார்னு பாய்ஞ்சு போய் அடியில உக்காரும், மேல வந்து தொங்காது. வளந்த பூச்சிக்கு வால் ரெண்டா இருந்தாலும் அதே வகையோட குஞ்சுக்கு மூணு இருக்கும், அதுல குழம்பிடாதீங்க. ஊசித்தட்டான் குஞ்சுக்கும் பின்னாடி மூணு இருக்கும், ஆனா அது மயிரு வால் இல்ல, தட்டையான இலை, வயித்துப் பக்கத்துல செவுளும் இருக்காது.

இறக்கைக்கு தயாரான குஞ்சுக்கு முதுகுல இறக்கை மடிஞ்சிருக்கிற பை நல்லா கருத்துப் போயிருக்கும். அப்படி ஒண்ண பாத்தா அன்னிக்கு சாயங்காலமோ அடுத்த நாளோ அது மேல வரும், தொட்டிப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உக்காருங்க.

இதுல ஒண்ணு மட்டும் நான் கறாரா சொல்லுவேன். மேஃப்ளைக்காகன்னு தண்ணிய திறந்து போட்டு வெக்காதீங்க. சென்னையில மலேரியா பரப்புற அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சை கொசு வளர்றதே கிணத்துலயும் மூடாத ஓவர்ஹெட் டேங்க்லயும்தான், டெங்கு கொசுவுக்கு ஒரு தேங்காய் ஓட்டுத் தண்ணி போதும். டேங்க், சம்ப் ரெண்டும் இறுக்கமா மூடி இருக்கணும், பக்கெட் ட்ரே எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை கவுத்துக் காய வைக்கணும். தாமரைத் தொட்டிய மட்டும் வெச்சுக்கலாம், அதுலயும் மூணு நாளைக்கு ஒரு தடவை டீ வடிகட்டியால தண்ணி மட்டத்த அரிச்சு கொசுப் புழுவ எடுக்கணும், வடிகட்டியில மேஃப்ளை குஞ்சு வந்தா திருப்பி விட்டுடுங்க. அதுக்கு நேரம் இல்லாதவங்க கப்பி மீன் விட்டுடுங்க, கப்பி மேஃப்ளை குஞ்சையும் சேத்து தின்னும், பரவாயில்ல, வீட்டுல கொழந்தை இருந்தா முதல்ல டெங்கு இல்லாம இருக்கணும்.

ஏரியப் பத்தி ஒரு வார்த்தை

உலகம் பூரா ஆத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்கிறவங்க மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை (இதுவும் தண்ணியில வளர்ற பூச்சிதான்), கேடிஸ்ஃப்ளை மூணையும் எண்ணிப் பாப்பாங்க, அழுக்கு ஏற ஏற இதுங்க கொறையும்ங்கிறதால. அதுக்குன்னு பால்கனியில நாலு மேஃப்ளை வந்துச்சு, எங்க ஏரி சுத்தமாயிடுச்சுன்னு சொல்லிட முடியாது, நம்மகிட்ட ஜாஸ்தி வர்ற பீட்டிடேயும் கேயினிஸும் கொஞ்சம் அழுக்கு தாங்கும். ஒரு நாள் எண்ணிக்கையில எதுவும் தெரியாது, ஒரே வீட்டுல ஒரே லைட்டுல வருஷக் கணக்கா பாத்தா தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார் இடமாச்சு, அதாவது உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு, அதச் சுத்தி எத்தனை ஆயிரம் பால்கனி இருக்கு, ஒவ்வொரு பால்கனியிலயும் ஒருத்தர் ஒரு நோட்டு வெச்சா எவ்ளோ தெரிய வரும்னு நான் அடிக்கடி நெனச்சுப் பாப்பேன்.

நோட்டுல பெருசா எழுத வேணாம். தேதி, மணி, மழை பெஞ்சுச்சா, எத்தனை, வால் ரெண்டா மூணா, இறக்கை மங்கலா தெளிவா, ஆணா பொண்ணா. போட்டோவ ஐநேச்சுரலிஸ்ட்ல (செடி, பூச்சி, பறவை போட்டோ போட்டா மத்தவங்க பேரு கண்டுபிடிக்க உதவுற ஆப்) போடுங்க, இடத்தச் சரியா குறிச்சு, பக்கவாட்டு போட்டோவும் மேல இருந்து எடுத்ததும் ரெண்டும் சேத்து. வகை வரைக்கும் பேரு கெடைக்காம குடும்பத்தோட நின்னுடும் பல நேரம், அதுக்காக விட்டுடாதீங்க, மேஃப்ளையில பலத போட்டோ பாத்து மட்டும் வகை சொல்ல முடியாது, தேதியும் இடமும் எப்படியும் பயன்படும்.

என் நோட்டுல கடைசியா எழுதினது போன வாரம். மங்கல் ஒண்ணு, தோல் ரெண்டு, தெளிவான பொண்ணு ஒண்ணு, ராத்திரி எட்டே கால், மழை இல்ல. அந்தப் பொண்ண டம்ளர்ல பிடிச்சு மாடிக்கு எடுத்துட்டுப் போய் தொட்டிப் பக்கம் திறந்து விட்டேன், அல்லி இலை மேல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு தண்ணிய நோக்கி இறங்குச்சு. அடுத்த நாள் காலையில அம்மா தொட்டிக்கு தண்ணி ஊத்தப் போனப்போ, குழாய வேகமா திறக்காம மக்குல மோந்து மெதுவா ஓரமா ஊத்தினாங்க, "உள்ள ஏதோ விட்டிருக்கேன்னியே"ன்னு கேட்டுக்கிட்டே.